ஏஜென்சிக்கு எழுதிக் கொடுக்கும் முன்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அத்தை முழங்கால் தேவலையாம், மீனாக்கா சொன்னாள். ஊதா ஸ்வெட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இப்போதைய ஏஜென்சி வேலையை விட்டுவிட்டு, ஒஹாயோ மெடிகெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தனியாகப் பதிந்துகொண்டு வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இறங்குவது உனக்குப் பொருத்தம்தான். எஸ்.டி.என்.ஏ. என்கிற நர்ஸ் உதவியாளர் சான்றிதழ் கையில் இருப்பதால் அந்த 75 மணி நேரப் பயிற்சிக்கு மறுபடி உட்கார வேண்டாம். ஆனால் "இந்த மாசக் கடைசியில் ஏஜென்சிக்கு ராஜினாமா எழுதிக் கொடுக்கிறேன்" என்றாயே, அதைச் செய்யாதேடி.

மருத்துவச் சேவை செய்பவர்களுக்கு அரசு தரும் என்.பி.ஐ. என்கிற 10 இலக்க எண் முதலில் வேண்டும். அது இலவசம், வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்கள் பக்கம் போகாதே. பிறகு பி.என்.எம். என்கிற ஒஹாயோ மெடிகெய்டின் பதிவுத் தளத்தில் விண்ணப்பம். குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கைரேகை கொடுக்கும்போது பி.சி.ஐ. என்கிற மாநிலச் சோதனையோடு எஃப்.பி.ஐ. சோதனையும் சேர்த்துக் கேள். நீ ஒஹாயோவுக்கு வந்து இன்னும் 5 வருஷம் ஆகவில்லை, அதனால்தான். முழுக்க முழுக்க ஆன்லைனில் எடுத்த முதலுதவிச் சான்றிதழ் செல்லாது, பயிற்றுநர் முன்னால் கையால் செய்து காட்டியிருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இடறுவது பெயரில். ஒரு காகிதத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயர், மூன்றாவதில் வெறும் இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

இத்தனையும் முடிந்து மெடிகெய்ட் எண் வந்தாலும் வேலை வந்ததாக அர்த்தமில்லை. நோயாளிக்கான சேவைகளை ஏற்பாடு செய்யும் கேஸ் மேனேஜர், அந்த நோயாளியின் சேவைத் திட்டத்தில் உன் பெயரையும் மணி நேரத்தையும் ஏற்ற வேண்டும். அதற்கு முந்தின நாள் பாசத்தில் போய்ச் செய்த வேலைக்குக்கூடப் பணம் வராது. பெயர் ஏறியதை உன் கண்ணால் பார்த்த பிறகு ஏஜென்சிக்கு எழுதிக் கொடு.

அதைவிடப் பெரிய கவலை, நீ ஒரே ஒரு நோயாளியை நம்பி இறங்குவது. அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அங்கிருந்து நர்ஸிங் ஹோமுக்குப் போனால், உன் வருமானம் அன்றோடு நின்றது. சம்பளத்தோடு லீவு கிடையாது, வேறு வீடு தரவும் ஆள் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு மூன்று பேராக வைத்துக்கொள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பணமில்லை. வரியும் யாரும் பிடிக்க மாட்டார்கள். வழக்கமான வருமான வரி போக, சுயதொழில் வரி 15.3 சதவீதம். வந்ததில் கால்பங்கை அன்றே தனிக் கணக்கில் போடு. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15 தேதிகளில் கட்ட வேண்டும்.

வேலைக்குள் தவறுவது பெரும்பாலும் கிளம்பும்போதுதான். வீல்சேர் பிரேக்கைப் போட்டு, பெல்ட்டைப் பிடித்துப் பெரியவரைக் கட்டிலுக்கு மாற்றி, தண்ணீரைக் கைக்கு எட்டும்படி வைத்து, "வரேன்" என்று சொல்லிக் காரில் ஏறிவிடுவோம். போனில் 'முடிந்தது' அழுத்தியிருக்க மாட்டோம். வீட்டுக்குப் போய் வந்ததைப் போனில் பதியும் இ.வி.வி.யில் என்ன சேவை, யாருக்கு, யார் செய்தது, தேதி, இடம், தொடங்கி முடிந்த நேரம் என்று ஆறும் பதிவாக வேண்டும். பில் 15 நிமிஷக் கணக்கு. பதிவும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல். செய்த வேலைகளைத் தாளில் எழுதி நீயும் நோயாளியும் கையெழுத்துப் போட்டு 6 வருஷம் பத்திரப்படுத்து. ஏஜென்சி ஏற்பாடு செய்துவந்த வருஷாந்திரப் பயிற்சியும் இனி உன் பொறுப்பு.

இன்னொன்றும் கேள். நோயாளியின் மகள் எவ்வளவு கெஞ்சினாலும் இன்சுலின் ஊசி போடாதே, அவர்கள் காரை ஓட்டாதே, கடன் வாங்காதே. ஏஜென்சியில் 'முடியாது' என்று சொல்ல ஒரு நர்ஸ் இருந்தார். இனி அதை நீதான் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அதுவும் உனக்குச் சோறு போட்டுக் கூப்பிடுகிற வீட்டில். உன் மனசு தெரிந்துதான் இதை இத்தனை அழுத்தி எழுதுகிறேன்.

சனிக்கிழமை போன் பண்ணு. பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள், பெயரை எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்போம்.

உன்
செல்வி