வரவேற்பறையில் பதினான்கு மடிக்கணினிகள்: இந்திய நற்பணிச் செயற்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற செப்டம்பர் பள்ளி விடுமுறையின்போது, ஒரு சனிக்கிழமையன்று, சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள எங்கள் நான்கறை வீட்டில் பதினான்கு பேர் காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணிவரை அமர்ந்து, தமிழ் தொடர்பான சிறு மென்பொருள்களை எழுதிப் பார்த்தார்கள். ஹேக்கத்தான் என்று பெயர் சூட்டிக்கொண்டோம். இதைக் கேள்விப்பட்டு உங்களில் இருவர் என்னைத் தொடர்புகொண்டு, ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவையொட்டி இதையே பெரிய மண்டபத்தில் பரிசுகளோடும் சிறப்பு விருந்தினரோடும் நடத்தலாமா என்று அன்போடு கேட்டீர்கள். அன்று தொலைபேசியில் நான் சொன்ன பதில் எனக்கே தெளிவாக இல்லை. மற்றச் செயற்குழுக்களுக்கும் பயன்படலாம் என்பதால் அந்தப் பதிலை இப்போது திறந்த மடலாக எழுதுகிறேன். மண்டபம் வேண்டாம், சிறிய அறைகளும் சில பொருள்களும் இரவலாகக் கிடைத்தால் போதும் என்பதே என் வேண்டுகோள். ஏன் என்பதை விளக்க, எங்கள் வீட்டில் எவையெல்லாம் கெட்டுப்போயின என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் கெட்டது மின்சாரம். அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். சாப்பாட்டைச் சூடாகப் பரிமாற வேண்டும் என்று அம்மா விரும்பியதால் இண்டக்ஷன் அடுப்பைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, அதையும் மின்கேத்தலையும் மடிக்கணினிகள் தொங்கிக்கொண்டிருந்த அதே எக்ஸ்டென்ஷன் வயர்த் தொடரில் செருகினேன். பகல் 11.40 மணிக்கு எல்லாம் ஒரேயடியாக நின்றன. மடிக்கணினிகளுக்கு மின்கலம் இருந்ததால் அவை அணையவில்லை. ஆனால் இணைய ரூட்டரும் அதே தொடரில்தான் இருந்தது. வாசலுக்கு அருகிலுள்ள மின்பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு சுவிட்சும் கீழே விழுந்திருக்கவில்லை. அரைமணி நேரம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த பிறகு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவர் எக்ஸ்டென்ஷனின் பிளக்கைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். கை சுட்டது. பிளக்கின் அடிப்பகுதியில் தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்புத் தடம் இருந்தது. உள்ளே இருந்த 13 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது.

கணக்கு எளிமையானது, முன்பே போட்டிருக்க வேண்டியது. 230 வோல்ட் மின்சாரத்தில் 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட்டைத்தான் தாங்கும். மடிக்கணினி ஒன்றுக்கு 65 வாட் என்று வைத்தால் பதினான்குக்கும் சேர்த்து 910 வாட், அதுவரை பயமில்லை. அடுப்பு 1,800 வாட்டும் கேத்தல் 2,200 வாட்டும் சேர்ந்தபோது மொத்தம் 4,900ஐத் தாண்டிவிட்டது. இத்தனை நிரலாளர்கள் இருந்த வீட்டில் இந்தக் கூட்டலை ஒருவரும் போடவில்லை. சூடாக்கும் பொருள் எதுவும் எக்ஸ்டென்ஷனில் இருக்கக்கூடாது, ஓர் எக்ஸ்டென்ஷனின் முனையில் இன்னொன்றைச் செருகக்கூடாது, ரூட்டருக்குத் தனிப் பிளக் வேண்டும் என்ற மூன்று விதிகளை அன்று மாலையே குளிர்பதனப்பெட்டியில் ஒட்டிவைத்தேன்.

இணையம் திரும்பி வந்த பிறகும் படுக்கையறையில் அமர்ந்த குழுவுக்கு அது எட்டவேயில்லை. 1998க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்களுக்கு இதன் காரணம் புரியும்: தடித்த கான்கிரீட் சுவர்களும் இரும்புக் கதவும் கொண்ட பாதுகாப்பு அறை எங்கள் ரூட்டருக்கும் அந்தப் படுக்கையறைக்கும் நடுவே நிற்கிறது. போர்க்காலத்துக்காகக் கட்டிய சுவர் வைஃபை அலையையும் நன்றாகவே தடுக்கிறது. நீளமான லேன் கேபிள் ஒன்று கையில் இருந்திருந்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அது இல்லாததால் அந்தக் குழு மாலைவரை அம்மாவின் பூசையறை வாசலில் தரையில் உட்கார்ந்து வேலை செய்தது. அதோடு, ஒரு ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நான்கு பேர் ஒரே நேரத்தில் பதிவிறக்க முயன்றார்கள். தேவையான மென்பொருள்களை முதல்நாளே பென்டிரைவில் போட்டுவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் செய்யவில்லை.

அண்டை வீட்டார் விஷயத்தில் மட்டும் தப்பித்தோம். இருபக்க வீடுகளுக்கும் கீழ்வீட்டுக்கும் இரண்டு நாள் முன்பே சென்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கம்பக்கத்து இரைச்சல் பற்றி 2022இல் பரிந்துரை செய்த சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரம் இரவு 10 மணிக்கே தொடங்க வேண்டும் என்று கூறியிருந்ததால், ஒன்பது மணிக்கு முடிப்பதாக வாக்குக் கொடுத்து அதன்படி முடித்தோம். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பதால், பதினான்கு ஜோடிக் காலணிகளையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வீட்டுக்குள்ளேயே வைத்தோம். கழிப்பறை இரண்டு போதுமா என்று கவலைப்பட்டேன், போதும்.

அன்றைய நாளின் மையம் எதுவென்று கேட்டால், எங்கள் புளோக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியையைத்தான் சொல்வேன். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. பல ஆண்டுகளாகத் தாமே தட்டச்சு செய்து சேர்த்த சொற்பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து, "கொடை என்று தேடினால் இல்லை என்கிறது, ஆனால் இதோ கண்ணுக்கு முன்னால் இருக்கிறது" என்று காட்டினார். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இருவர் உடனே அவருக்கு இருபுறமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சிக்கல் இதுதான். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக (எழுத்துக்குக் கணினி தரும் எண்) வைக்கலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியெண்களாக வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு தரம் சொல்கிறது. ஆனால் அதைப் பின்பற்றாத மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள்தாம். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்த பட்டியலில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. இதை ஒருமுகப்படுத்த மாணவர்களுக்கு ஒருமணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்து வந்ததுதான் கடினம். ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரத்தைப் போலவே இருப்பதால் 'கௌரி', 'பௌர்ணமி' போன்றவற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து எழுதிவிடுகிறோம். அச்சிட்டால் ஒரு குறையும் தெரியாது. கொம்புக்குப் பின் வரும் ளகரத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றும்படி மாணவர்கள் எழுதிய முதல் நிரலை ஓட்டியதும், ஆசிரியை கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "தம்பி, என் கெளுத்தி மீன் என்னாச்சு?" என்றார். பார்த்தால் கெளுத்தியின் நடுவே ஔகாரக் குறியும் உகரக் குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. ளகரத்துக்குப் பின் உயிர்மெய்க் குறியோ புள்ளியோ இருந்தால் தொடக்கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். அப்போதும் ஐயத்துக்குரிய சொற்களைத் தாமாக மாற்றாமல், தனிப் பட்டியலாக ஆசிரியையிடம் காட்டும்படி செய்தார்கள். தாமாக முடிவெடுக்காத நிரலை எழுதியதே அன்று அவர்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான செயல் என்பது என் எண்ணம்.

அவருடைய ஆகப் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்ததால் வெறும் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் திறந்தன. மாணவர்கள் அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை. 1997இல் இந்தத் தீவில் தமிழ் இணைய மாநாடு நடந்ததையும், அதன் முன்னோடியாக இருந்த நா. கோவிந்தசாமிதான் 'இணையம்' என்ற சொல்லை நமக்குத் தந்தவர் என்பதையும், அக்காலத்தில் ஆளுக்கொரு குறியேற்றம் இருந்ததையும் ஆசிரியை சொல்லச் சொல்ல, பக்கத்து மேசைக்காரர்களும் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மண்டபத்தில் இதை ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் உரையாக இருந்திருக்கும். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு குழு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளம் தரும் பேருந்து வருகைத் தகவலைத் தமிழில் உரக்கச் சொல்லும் செயலியை எழுதியது. அதற்குரிய அணுகுகுறியை முன்பே விண்ணப்பித்துப் பெற்றிருக்க வேண்டும் என்பதை ஒருவரும் நினைக்காததால் காலைப்பொழுது வீணாயிற்று. அந்தக் குழுவில் நிரலே தெரியாத இளையர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒதுங்கியிருந்தார். நிறுத்தங்களின் பெயரில் 'ஆப் பிளாக்' (Opp Blk) என்று சுருக்கமாக வருவதை எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது, "என் பாட்டிக்கு 'புளோக்குக்கு எதிரே' என்றால்தான் புரியும்" என்று அவர் வாய் திறந்தார். அதன்பின் நாள் முழுவதும் நிறுத்தப் பெயர்களையெல்லாம் தமிழாக்கியவர் அவர்தான். மற்ற இரண்டு குழுக்களின் வேலை அரைகுறையாக நின்றது. அந்தப் பேருந்துச் செயலியும் இப்போது ஓடுவதில்லை. ஆசிரியையின் சொற்பட்டியல் நிரல் மட்டும் வாரந்தோறும் பயன்பாட்டில் இருக்கிறது.

என்னுடைய இன்னொரு தவறு, விருந்தோம்பியபடியே நானும் நிரல் எழுத உட்கார்ந்தது. கதவு மணி, ஃபியூஸ், பசி, தயங்கி நிற்கும் விருந்தாளி என எதையாவது கவனிப்பதே வீட்டுக்காரரின் முழுநேர வேலை. உணவிலும் ஒரு பாடம் உண்டு: அம்மா தோசை வார்த்தார். ஒவ்வொன்றாக வரும் தோசைக்காகப் பதினான்கு பேரும் மேசையைச் சுற்றி நின்றதால் மதியம் ஒன்றரை மணி நேரம் கரைந்தது. இரவுக்குத் தக்காளிச் சோறு கிண்டி ஒரு பாத்திரமாக வைத்ததும் இருபது நிமிடத்தில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அந்த அம்மா அங்கே இருந்ததாலேயே சில மாணவிகள் வர முடிந்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். மூன்று பெற்றோர் முன்கூட்டியே அழைத்துப் பேசியது என்னிடம் அல்ல, அவரிடம்தான். வந்த பதினான்கு பேரில் ஆறு பேர் பெண்கள். விடியவிடிய நடத்தியிருந்தால், அல்லது வீட்டில் பெரியவர் இல்லாதிருந்தால், இந்த எண்ணிக்கை பாதியாகியிருக்கும்.

ஹேக்கத்தான் என்ற சொல் 1999 ஜூன் மாதம் கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர்கள் பத்துப் பேர் கூடியபோது புழக்கத்துக்கு வந்தது. மறைக்குறியீட்டு மென்பொருளுக்கு அமெரிக்கா விதித்திருந்த ஏற்றுமதிச் சட்டங்களில் சிக்காமல் வேலை செய்யவே அங்கே கூடினார்கள். பரிசுக் காசோலையும் மேடையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. பரிசு வைத்தால் நடுவர் வேண்டும். நடுவருக்கு ஐந்து நிமிட விளக்கம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகப் பிற்பகல் முழுவதும் திரை அழகாவதில் போய்விடும். கெளுத்தி மீனைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை சிறியவை. சமூக மன்றத்தில் இருபது பேர் அமரக்கூடிய அறையை விடுமுறைச் சனிக்கிழமைகளில், சுற்றறிக்கையும் பதாகையும் இல்லாமல், தாருங்கள். வீட்டில் நடத்த விரும்புவோருக்கு ஒரு பெட்டியை இரவல் தாருங்கள்: சோதிக்கப்பட்ட எக்ஸ்டென்ஷன் வயர்கள் நான்கு, இருபது மீட்டர் லேன் கேபிள், அதைத் தரையில் ஒட்ட நாடா, ஒரு ரூட்டர், சில 13 ஆம்பியர் ஃபியூஸ்கள். அரிசி, காய்கறிச் செலவுக்குச் சிறு தொகை தர முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பாதகமில்லை. எத்தனை செயலிகள் உருவாயின என்று அறிக்கை கேட்காதீர்கள். நான்கில் மூன்று நின்றுபோகும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உங்களால் மட்டுமே முடியும். உங்கள் வட்டாரத்தில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தமிழாசிரியர்களையும், கோயில் கணக்கெழுதும் தொண்டூழியர்களையும், பேரப்பிள்ளையின் உதவியின்றிக் கைபேசியைத் திறக்க முடியாத மூத்தோரையும் நீங்கள் அறிவீர்கள், நாங்கள் அறியோம். அவர்களில் இருவரை, தீராத ஒரு சிக்கலோடு, எங்களிடம் அனுப்பிவையுங்கள்.

அடுத்த கூடலை ஜூன் விடுமுறையில் வைத்திருக்கிறோம். ஆசிரியை தம் தோழி ஒருவரின் பழைய கோப்புகளை இப்போதே எடுத்துவைத்துவிட்டார். அம்மா இம்முறை இட்லிதான் என்று சொல்லியிருக்கிறார். அதையும் அடுப்படியில், சுவரில் உள்ள பிளக்கில்.

இப்படிக்கு,
செங்காங் குடியிருப்பாளர் ஒருவர்