மீன்கடை வரிசையில் நின்ற தேசிய வீரர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற நம் சிங்கப்பூர் விளையாட்டாளர்களை, குறிப்பாகக் கூடைப்பந்து வீரர்களை, தமிழ் நாளிதழ் தேடிச் சென்று பேட்டி காண வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோ பாயோ ஈரச்சந்தையில் நேர்ந்த சந்திப்பு ஒன்றுதான் இதற்குத் தூண்டுதல்.

கானாங்கெளுத்தியைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு நான் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற உயரமான மனிதர், கடைக்காரர் கொடுத்த பையை வாங்கக் கையை நீட்டினார். அவருடைய வலக்கை மோதிர விரல் நடுக்கணுவில் வளைந்து, பக்கத்து விரலோடு சேராமல் விலகி நின்றது. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம், காலாங் ஓசிபிசி அரங்கில் பத்து வயது மகனோடு அமர்ந்து தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியைப் பார்த்தபோது, அந்த விரலையும் அடுத்த விரலையும் சேர்த்து வெள்ளைப் பட்டை சுற்றிக்கொண்டு ஆடியவர் அவர். என் மகனுக்கு மிகவும் பிடித்த வீரர். பட்டை ஏன் என்று அவன் அன்று இரவெல்லாம் என்னைத் துளைத்தெடுத்ததால்தான் அந்தக் கை என் நினைவில் தங்கிவிட்டது.

தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு முகம் மலர, "ஆன்ட்டி, அந்த ஆட்டத்துக்கு வந்திருந்தீர்களா?" என்று கேட்டார். படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு கையில் மீன் பையும் மறு கையில் கீரைக்கட்டுமாக நிற்பவரைக் கைப்பேசியின் முன் நிறுத்துவது முறையாகாது என்று தோன்றியது. அவருடைய பெயரையும் அதே காரணத்துக்காக இங்கே தவிர்க்கிறேன்.

2015ஆம் ஆண்டின் அந்தப் போட்டியில் நம் ஆடவர் கூடைப்பந்து அணி வெண்கலப் பதக்கம் வென்றது. அதற்கு முன் 2013இல் மியன்மாரில் வென்ற வெண்கலமோ 34 ஆண்டுகள் காத்திருந்து பெற்றது. அதற்கும் வெகு காலம் முன்னர், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர்க் கூடைப்பந்து அணி பங்கேற்று, 15 அணிகளில் 13ஆம் இடத்தைப் பெற்றிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இதை நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்? 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடிய சி. குணாளனை, அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்ததை, நம் வீடுகளில் பெருமையோடு பேசுகிறோம். கூடைப்பந்து என்றால் மட்டும் அது பிறருடைய ஆட்டம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அடுக்குமாடி புளோக்கின் அருகிலுள்ள ஆடுகளத்தில் நம் பிள்ளைகளும் மாலைதோறும் அதைத்தானே ஆடுகிறார்கள்?

காப்பிக்கடையில் அமர்ந்து தே குடித்தபடி அரை மணி நேரம் பேசினோம். பயிற்சியின்போது வேகமாக வந்த பந்து விரல் நுனியில் மோதியதாம். ஆட்டங்கள் நெருங்கியிருந்ததால் ஓய்வெடுக்காமல் பட்டை சுற்றி ஆடினாராம். விரல் அப்படியே கோணலாகிவிட்டது. அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. நான் மிகவும் ஆர்வத்தோடு கேட்டது ஃப்ரீ த்ரோ பற்றி. எதிரணியினர் விதிமீறித் தடுக்கும்போது, கூடை பொருத்திய பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் நின்று யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு அது. அரங்கமே கூச்சலிடும்போது எப்படி எறிய முடிந்தது என்று கேட்டேன். மேசையிலேயே செய்து காட்டினார்: இல்லாத பந்தை மூன்று முறை தட்டினார், முழங்கையை உள்ளே இழுத்தார், மூச்சை மெல்ல விட்டார், மணிக்கட்டை மடக்கினார். அந்தக் கோணல் விரல் கடைசியாகக் கீழே சாய்ந்தது. பக்கத்து மேசையில் இருந்த முதியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பகலில் அலுவலக வேலை, மாலையில் பயிற்சி, இடையில் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவக் கடமை என்று அவர்கள் ஆடிய ஆண்டுகளைப் பற்றி அவர் சொன்னவை எதையும் நான் எந்த நாளிதழிலும் படித்ததில்லை. பதக்கம் வென்ற மறுநாள் செய்தி வருகிறது, அத்தோடு சரி. பத்து ஆண்டுகள் கழித்து, அந்த உடல் என்ன ஆனது, அந்தப் பயிற்சி வாழ்க்கைக்கு எதைத் தந்தது என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டு நட்சத்திரங்களுக்கு ஒதுக்கும் இடத்தில், மாதம் ஒருமுறை கால் பக்கமாவது நம்மிடையே வாழும் இவர்களுக்குத் தாருங்கள். 1956 அணியின் காலத்தை நேரில் கண்டவர்களின் நினைவுகளையும் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்யுங்கள்.

என் மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். விவரம் சொன்னதும், அடுத்த சனிக்கிழமை முகாமிலிருந்து வந்தவன் பையைக்கூடப் பிரிக்காமல் ஆடுகளத்துக்கு ஓடினான். அவர் அங்கே சனிக்கிழமை மாலைகளில் நண்பர்களோடு ஆடுகிறார். தங்கள் செய்தியாளர் அவரைச் சந்திக்க விரும்பினால், அவருடைய சம்மதத்தைக் கேட்டுச் சொல்ல என் மகன் ஆவலோடு இருக்கிறான்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி