அமெரிக்கக் குடிப்படையை ‘ஆயுதக் குழு’ ஆக்கிவிட்ட யூடியூப் நண்பர்களுக்கு

தமிழில் உலக வரலாறு சொல்லும் நண்பர்களே, வணக்கம்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போர் பாடம். நடத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் எழுந்து, “சார், அங்க விவசாயிங்க வீட்ல இருந்த துப்பாக்கிய எடுத்துக்கிட்டு அவங்களாவே கிளம்பிப் போய் பிரிட்டிஷ்காரன விரட்டிட்டாங்கல்ல?” என்றான். எங்கே படித்தாய் என்று கேட்டேன், வீடியோவில் பார்த்தேன் என்றான். வீட்டுக்கு வந்து அப்படிப்பட்ட வீடியோக்கள் சிலவற்றை நானும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான், மிலிஷியா என்ற சொல்லுக்கு ‘ஆயுதக் குழு’ என்ற மொழிபெயர்ப்பும் அதேதான். அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்தச் சொல்லை மாற்றுங்கள். ஆயுதக் குழு என்றால் நம் ஆட்களுக்கு அரசுக்கு வெளியே இருக்கும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். அன்றைய அமெரிக்க மிலிஷியா அப்படியில்லை. அது சட்டப்படி சுமத்தப்பட்ட ஊர்க்கடமை. மாசசூசெட்ஸில் 1636-லேயே ஊர்ப் படைகளை மூன்று ரெஜிமென்ட்களாகப் பிரித்து ஆணையிட்டார்கள். பெரும்பாலான காலனிகளில் 16 வயதிலிருந்து 60 வரைக்கும் உள்ள ஆண்களின் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும், பயிற்சி நாளுக்கு வராவிட்டால் அபராதம். துப்பாக்கியை அவரவர்தான் வாங்க வேண்டும், வசதியில்லாதவருக்கு ஊரே கொடுத்த இடங்களும் உண்டு. ‘குடிப்படை’ என்று சொல்லிப் பாருங்கள், விஷயம் பாதி விளங்கிவிடும். (போரே கூடாது என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் செல்வாக்காக இருந்த பென்சில்வேனியா மட்டும் விதிவிலக்கு, அங்கே கட்டாயக் குடிப்படைச் சட்டம் 1777-ல்தான் வந்தது.)

நீங்கள் எல்லோரும் ஆரம்பிக்கிற, போரின் முதல் மோதல் நடந்த மாசசூசெட்ஸ் ஊரான லெக்சிங்டனையே எடுத்துக்கொள்வோம். 1775 ஏப்ரல் 19. அங்கே நின்றவர்களை ‘மினிட்மேன்’ என்கிறீர்கள். லெக்சிங்டன் ஊர் தனியாக மினிட்மேன் படை அமைக்கவே இல்லை, கேப்டன் ஜான் பார்க்கருக்குப் பின்னால் நின்ற எழுபத்துச் சொச்சம் பேரும் அந்த ஊரின் சாதாரணக் குடிப்படைதான், அதில் பலர் ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள். மினிட்மேன் என்பது அதற்கு முந்தைய அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாகாணக் காங்கிரஸ் என்ற பிரதிநிதிகள் அவை செய்த ஏற்பாடு. குடிப்படையில் கால்வாசிப் பேரைத் தனியாகப் பிரித்து, ஆள் சொன்னதும் கிளம்புகிற மாதிரி கம்பெனிகளாக வைக்கச் சொன்னார்கள். அதிகாரிகளை வீரர்களே தேர்ந்தெடுத்தார்கள். வூஸ்டர் பகுதியில் அரசர் பக்கம் சாய்ந்த பழைய அதிகாரிகளைப் பதவி விலகவே வைத்தார்கள். இத்தனை மாத வேலை பின்னால் இருந்ததால்தான் அன்று குதிரைவீரர்கள் செய்தி கொண்டுபோனதும், மணி அடித்ததும், ஊர் ஊராகப் படை திரண்டது. பாஸ்டனிலிருந்து வந்திருந்த பிரிட்டிஷ் படை அங்கே திரும்புவதற்குள் 73 பேரை இழந்தது. ‘தானாகக் கிளம்பினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்தால் அந்த உழைப்பெல்லாம் காணாமல் போகிறது.

அப்புறம், அவர்களே போரை ஜெயித்துவிட்டார்கள் என்பதும் சரியில்லை. குடிப்படையை நம்புவது உடைந்த ஊன்றுகோலில் சாய்வது மாதிரி என்று 1776 செப்டம்பரில், எல்லாக் காலனிகளுக்கும் பொதுவான அவையான காங்கிரஸுக்கு எழுதியவர் அமெரிக்கப் படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1780-ல் கேம்டனில் வர்ஜீனியா, வட கரோலினா குடிப்படைகள் சிதறி ஓடின. ஆனால் அடுத்த ஜனவரியிலேயே கௌபென்ஸில் அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கன் அதே மாதிரி ஆட்களிடம், இரண்டு தடவை சுடுங்கள், சுட்டுவிட்டுப் பின்வாங்குங்கள், அது போதும் என்றார். துரத்திக்கொண்டு வந்த பிரிட்டிஷ் படை பின்னால் காத்திருந்த நிரந்தரப் படையிடம் போய் மாட்டியது. பிரமாதமான கதை இது, இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஆனால் நான் மனசு கனத்து எழுதுவது அடுத்த விஷயத்துக்காக. தெற்கில் குடிப்படையின் தினசரி வேலை அடிமைகளைக் கண்காணிப்பது. தென் கரோலினாவில் 1704-லேயே ரோந்துச் சட்டம் வந்தது, பிறகு அந்த ரோந்து குடிப்படையோடு சேர்க்கப்பட்டது. இரவில் சாலையில் போகும் கறுப்பின மனிதரை நிறுத்தி முதலாளியின் அனுமதிச் சீட்டு கேட்பது, சீட்டில்லை என்றால் சவுக்கடி, குடிசை குடிசையாக ஆயுதம் தேடுவது. 1739-ல் ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்தபோது அடக்கியதும் குடிப்படைதான். 1782 மார்ச்சில், ஓஹாயோவின் நாடன்ஹட்டனில், ஆயுதமே எடுக்காத கிறிஸ்தவப் பழங்குடியினர் 96 பேரைப் பென்சில்வேனியா குடிப்படையினர் கொன்றார்கள். ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்து, மறுநாள் காலையில் கொன்றார்கள். செத்தவர்களில் 39 பேர் குழந்தைகள். இதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கேப்டனை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அதே பழக்கம்தான் இங்கே கொலைக்கும் வழி செய்தது. என் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் பற்றி வீடியோ போடுகிறவர்கள் 1792 குடிப்படைச் சட்டத்தை ஒருமுறையாவது படித்துவிட்டுப் பேசுங்கள். 18 முதல் 45 வயது வரை உள்ளவர் ஆறு மாதத்துக்குள் நல்ல மஸ்கட் துப்பாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தி, உபரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கல், முதுகுப் பை, 24 தோட்டா கொள்ளும் பெட்டி எல்லாம் சொந்தமாக வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது. கூப்பிட்டால் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். துப்பாக்கி அங்கே உரிமையாக மட்டும் இல்லை, கடமையோடு கட்டப்பட்டிருந்தது. 1794-ல் சாராய வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியா கிளர்ந்தபோது அப்போது அதிபராக இருந்த வாஷிங்டன் சுமார் 13,000 குடிப்படையினரைத் திரட்டியது இப்படித்தான், அதுவும் வழக்கமான சட்ட வழிகளால் அடக்க முடியவில்லை என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்த பிறகு. அரசுக்கு எதிராகக் குடிமக்கள் வைத்திருந்த படை என்று மட்டும் சொல்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

அதே 1792 சட்டம் யாரைப் பதியச் சொல்கிறது என்பதையும் பாருங்கள். சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமகனை மட்டும்தான். லெக்சிங்டன் திடலில் பார்க்கரின் ஆட்களோடு நின்று குண்டடி பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாப்ரூக் என்று ஒருவர் இருந்தார், கறுப்பினத்தவர், அன்றைக்கு அடிமை. பிறகு வாஷிங்டனின் படையிலும் சேர்ந்து போரிட்டார். அந்தப் போர் உருவாக்கிய நாட்டின் சட்டம் அவரைப் போன்றவர்களைக் குடிப்படைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அடுத்த முறை லெக்சிங்டன் பற்றி வீடியோ போடும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள். என் வகுப்புக்கு நானே அதைப் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்