சைக்கிளும் நாங்களும் ஒரே வண்டியில் ஊர் திரும்ப: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத்திலும் மண்டல வணிகப் பிரிவுகளிலும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தை பிறந்துவிட்டால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் கிளம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சிலர் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று நாற்கரச் சாலையைப் பிடிப்பார்கள். சிலர் புதுச்சேரி, நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி என்று கடலை இடது கையில் வைத்துக்கொண்டே போவார்கள். நேர் வழியில் போனாலே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் தெரியத் தொடங்கும்போது கால் கெஞ்சும், ஆனால் மனசு குதிக்கும். அப்புறம் முக்கடலைப் பார்த்து ஒரு போட்டோ, ஒரு கட்டன் சாயா, நல்ல குளியல்.

போவதற்கு நாங்கள் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. திரும்பி வருவதற்குத்தான் உங்களிடம் வந்து நிற்கிறோம். அதே 700 கிலோமீட்டரை மறுபடி மிதிக்க லீவும் இருக்காது, காலும் இருக்காது. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்பி விடியற்காலையில் எழும்பூரில் விடுகிறது. ஒரு ஆளுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆளோடு ஒரு சைக்கிள் சேர்ந்துவிட்டால்தான் கதை மாறுகிறது.

காஷ்மீரில் ஆரம்பித்துக் குமரியில் முடிக்கிறவர்களின் பாடு இன்னும் பெரிது. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக 3,700 கிலோமீட்டர் மிதித்து வந்தவர்கள் வடக்கே திரும்ப வேண்டும். திருக்குறள் எக்ஸ்பிரஸ் தினமும் கிடையாது, ஹிம்சாகர் வாரத்துக்கு ஒரு நாள்தான். சைக்கிள் அந்த வண்டியில் ஏறவில்லை என்றால் அடுத்த வண்டிக்காகக் குமரியில் அறை எடுத்துத் தங்க வேண்டும், அல்லது சைக்கிளை விட்டுவிட்டுப் போய் அது பின்னால் வரும் என்று நம்ப வேண்டும்.

உங்கள் விதியில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் புக் செய்தால் நாங்கள் போகும் வண்டியிலேயே, சாமான் ஏற்றுகிற பிரேக் வேன் என்ற பெட்டியில், சைக்கிளும் வரலாம். சீட்டு இல்லாமல் பார்சலாகப் போட்டால் இடம் கிடைக்கிற வண்டியில் வரும். தூங்கும் வசதிப் பெட்டிப் பயணிக்கு 40 கிலோ வரை இலவச அனுமதி உண்டு, ஆனால் அதில் சைக்கிளும் ஸ்கூட்டரும் சேராது. சரி, காசு கட்டுகிறோம். அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. வண்டி புறப்பட அரை மணி நேரம் முன்னாலேயே சாமானை ஒப்படைக்க வேண்டும் என்கிறீர்கள். அதுவும் சரி, நாங்கள் மத்தியானமே வந்து உட்கார்ந்திருப்போம்.

பார்சல் ஆபீஸ் வாசலில் நடப்பதை மேலிடத்தில் இருப்பவர்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சைக்கிளைச் சாக்குச் சுற்றித் தருவதற்கென்றே ஒரு ஆள் இருப்பார். கையில் கோணி ஊசி, தோளில் சணல் கயிறு, காலடியில் பிரித்த சாக்குகள். நாங்கள் முதலில் பெடலைக் கழற்றுவோம். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதால் புதிதாக வந்தவர்கள் எதிர்த்திசையில் திருகித் திருகி வேர்த்துப்போவார்கள். பிறகு ஹேண்டில்பாரைத் தளர்த்தி, சட்டத்தோடு ஒட்டினாற்போல் திருப்பிக் கட்டுவோம். சங்கிலியை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிற டீரெயிலர் என்ற பொறி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தாங்குகிற ஹேங்கர் சுண்டுவிரல் அளவு அலுமினியத் துண்டு. சைக்கிளுக்கு மேல் ஒரு மீன் பெட்டியை வைத்தால் முதலில் வளைவது அதுதான். வளைந்தால் ஒரு கியரும் ஒழுங்காக விழாது. ஆகவே அதற்கு மட்டும் பழைய துணி, அட்டை, மேலே ஒரு சாக்கு என்று மூன்று சுற்று.

சக்கரத்தையும் சேர்த்து மூடிவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சக்கரத்த மூட வேண்டாம் தம்பி. காத்தயும் எறக்க வேண்டாம். உருளுற சாமான உருட்டுவானுவ, உருளாத சாமானத் தூக்கிப் போடுவானுவ" என்றார். விமானத்தில் சைக்கிள் அனுப்புகிறவர்கள் டயரில் காற்றை இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, அட்டைப்பெட்டிக்குள் அடைப்பார்கள். ரயிலுக்கு அது பொருந்தாது என்பதை எந்தக் கையேடும் எங்களுக்குச் சொன்னதில்லை.

சாக்கின் மேல் மார்க்கரில் கன்னியாகுமரிக்கு கேப், எழும்பூருக்கு எம்.எஸ். என்று இரண்டு ஸ்டேஷன்களின் குறியீட்டையும் ரசீது எண்ணையும் எழுதியதும் எங்கள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கையில் எதுவும் இல்லை. பிரேக் வேனில் இடம் இருக்கிறதா, ஏற்றப்போகிறார்களா என்பது வண்டி நடைமேடைக்கு வந்து கதவு திறக்கும்வரை தெரியாது. பெட்டிகளின் நடுவில் எங்கோ எங்கள் படுக்கை, கடைக்கோடியில் சைக்கிள். சிக்னல் விழும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு, ஏறியதா இல்லையா என்று தெரியாமலேயே தங்கள் பெட்டிக்கு ஓடுகிறவர்களை எந்தப் பருவத்திலும் பார்க்கலாம்.

கன்னியாகுமரி கடைசி ஸ்டேஷன், வண்டி அங்கேதான் கிளம்புகிறது, அதனால் ஏற்ற அவகாசம் இருக்கிறது. வழியில் வண்டி ஓரிரு நிமிடம் நின்று போகும் ஊர்களில் பயணத்தை முடித்தவர் பிரேக் வேனை நினைத்துப் பார்க்கவே முடியாது. அவர் பெரிய ஜங்ஷனுக்கு மிதித்துப் போக வேண்டும். இறங்குமிடத்திலும் அதே சங்கடம். தாம்பரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எழும்பூர்வரை போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். சாமான் இறங்காமல் தாண்டிப் போனால் அதற்கு உங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் ஓவர்கேரி. இறங்கியும் நாம் நேரத்துக்கு எடுக்கவில்லை என்றால் தாமதக் கட்டணம்.

சைக்கிளைப் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பலர் செய்கிறார்கள். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, சட்டத்தின் இரு பக்கமும் கட்டி, பைக்குள் நுழைத்துக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளுவார்கள். டிக்கெட் பரிசோதகர் நல்ல மனநிலையில் இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். இல்லாவிட்டால் அளவு பேசுவார், பேசினால் அவர் பக்கம்தான் நியாயம். பெட்டிக்குள் எடுத்துச் செல்லும் பெட்டிக்கு நீங்கள் வைத்திருக்கும் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். மூன்றடுக்கு ஏசியில் அதையும்விடச் சிறிது. இன்று விற்கும் பெரும்பாலான கியர் சைக்கிள்களில் இருப்பது 700சி என்ற சக்கரம். அதில் டயர் உட்காரும் இடத்தின் விட்டமே 62.2 செ.மீ., 28 மி.மீ. டயரையும் சேர்த்தால் ஏறத்தாழ 68. ஆக, சைக்கிளைக் கழற்றிப் போட்டாலும் அதன் சக்கரமே உங்கள் விதிக்குள் அடங்காது. டிரங்குப் பெட்டியை மனதில் வைத்து எழுதிய அளவு அது. தப்பு என்று சொல்லவில்லை, அந்தக் காலத்துப் பயணி டிரங்குப் பெட்டியோடுதான் வந்தார்.

ஜப்பானில் இந்தச் சிக்கலை ஒரு பையை வைத்துத் தீர்த்துவிட்டார்கள். சைக்கிளைக் கழற்றியோ மடக்கியோ அதற்கென்ற பையில் முழுக்க மூடிவிட்டால் ஜே.ஆர். என்ற ரயில் நிறுவனங்களின் வண்டிகளில் காசில்லாமல் எடுத்துப் போகலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 செ.மீ. தாண்டக் கூடாது, எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிற்று. 2021இல் இயற்றி 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ரயில் பயணிகள் உரிமை ஒழுங்குமுறையில், புதிதாக வாங்குகிற அல்லது பெரிய அளவில் புதுப்பிக்கிற வண்டிகளில் பொதுவாகக் குறைந்தது 4 சைக்கிள்களுக்கு இடம் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், கொச்சி மெட்ரோ 2020லிருந்தே சைக்கிளை ஏற்றிக்கொள்கிறது.

இங்கே எங்கள் ஆட்கள் சிலரோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் மாதிரி பெட்டிக்குள்ளேயே இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் மனிதர்கள் கழிப்பறை வாசலில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து வரும் நாட்டில் சைக்கிளுக்கு உள்ளே இடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தூங்கும் வசதிப் பெட்டியில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் ஒருவர் சைக்கிளைத் தள்ளினால் எதிர்ப் படுக்கைக் குடும்பத்தின் பெட்டிக்கும் சாப்பாட்டுப் பைக்கும் இடம் போய்விடும். எனவே நான் கேட்பது பிரேக் வேனில் மட்டும்தான்.

பிரேக் வேனில் இடம் ஏது என்பீர்கள். 4 டன் கொள்ளும் அறைகளைத் தனியார் பார்சல்காரர்களுக்கு நீங்கள் குத்தகைக்கு விடுவது தெரிந்ததுதான். அதில் வருமானம் வருகிறது, விடாதீர்கள் என்று சொல்ல நான் ஆளில்லை. குத்தகை போக உங்கள் கையில் இருக்கும் பகுதியில், சுவரோடு ஒட்டி நான்கு கொக்கி அடித்துத் தாருங்கள். சைக்கிளை முன்சக்கரத்தில் மாட்டித் தொங்கவிட்டால் தரையில் பிடிக்கும் இடம் மிகக் குறைவு. மேலே மீன் பெட்டியும் ஏறாது, கீழே கிடந்து நசுங்கவும் நசுங்காது, சாக்கே தேவைப்படாது. அண்ணாச்சியின் பிழைப்பில் மண் விழும் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே உறுத்தல். ஆனால் பைக் பார்சல் போடுகிற கூட்டம் அவருக்கு எப்போதும் இருக்கும்.

அந்த நான்கு கொக்கிகளை டிக்கெட்டோடு சேர்த்து முன்பதிவு செய்ய வழி செய்யுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சாப்பாடு வேண்டுமா என்று டிக்கெட் போடும்போது கேட்கிறீர்கள், கீழ்ப் படுக்கை வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சைக்கிள் உண்டா என்றும் கேட்டு, உண்டென்றால் அதற்கான கட்டணத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு இடமும் போய்விட்டது என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாங்கள் அடுத்த நாள் வண்டியைப் பார்த்துக்கொள்வோம் அல்லது பயணத்தையே ஒரு நாள் தள்ளிப் போடுவோம். இடமில்லை என்ற பதிலோடு எங்களால் வாழ முடியும். நடைமேடையில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். பார்சல் எங்கே இருக்கிறது என்று ரசீது எண்ணைப் போட்டுப் பார்க்கும் வசதியை ஏற்கெனவே கணினியில் வைத்திருக்கிறீர்கள். அதையும் பயணிகள் முன்பதிவையும் இணைக்கிற வேலைதான் பாக்கி.

புது வண்டிகளைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. 2024 ஆகஸ்ட் 31இல் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே வந்தே பாரத் தொடங்கியது. வேகமான வண்டி, அன்றைக்கே ஊர் வந்துவிடலாம். ஆனால் அந்த வண்டியில் பிரேக் வேனே கிடையாது. இனி வருகிற வண்டிகளெல்லாம் இந்த வார்ப்பில்தான் வரும் என்றால், கொஞ்ச காலத்தில் இந்தக் கடிதத்துக்கே பொருள் இல்லாமல் போய்விடும். அடுத்த வரைபடத்தை உங்கள் பொறியாளர்கள் போடும்போது கடைசிப் பெட்டியில் நான்கு சைக்கிள் நிற்கும் அளவுக்கு ஒரு மூலையைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு வெட்டி ஒட்டுவதைவிட அது மலிவு.

ஒரு காலத்தில் நம் ஊர்ப் பேருந்துகளின் பின்னால் ஏணி இருந்தது. கண்டக்டர் ஒரு குரல் கொடுத்தால் சைக்கிள், கோழிக்கூடை, வாழைத்தார் எல்லாம் கூரைமேல் ஏறிவிடும். இப்போது அந்த ஏணியும் இல்லை, கூரைக் கம்பியும் இல்லை. ஆம்னி பஸ் டிக்கியில் ஏற்றலாம், ஆனால் அது அன்றன்றைக்குக் கிளீனரோடு பேசி முடிக்கிற பேரம். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் அந்தப் பேரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சம் இருப்பது ரயில்தான்.

முதலில் ஒரே ஒரு வண்டியில் செய்து பாருங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இதற்குத் தோதானது. இரண்டு முனையிலும் வண்டி நிற்க நேரம் இருக்கிறது, தினமும் ஓடுகிறது, தையிலும் மாசியிலும் பயணிகளுக்குக் குறைவில்லை. நான்கு கொக்கி, இரண்டு மாதம், இரண்டு ஸ்டேஷன். மாட்டி இறக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று உங்கள் அதிகாரி ஒருவர் கையில் கடிகாரத்தோடு வந்து நின்று பார்க்கட்டும். தேதி மட்டும் சொன்னால் போதும், நான்கு சைக்கிளோடு நாங்கள் வந்துவிடுகிறோம். கொக்கியை நீங்களே அடிப்பதென்றாலும் சரி, எங்களை அடிக்கச் சொன்னாலும் சரி.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு சைக்கிள் பயணி