சத்தமில்லாத வீடும் அந்தச் சட்டத்தில் அடங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஆங்கிலேயச் சட்டங்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், ‘டிஸார்டர்லி ஹவுஸ்’ என்றால் சண்டை சச்சரவால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுக்கும் வீடு என்று எழுதியிருந்தது. குற்றவியல் வழக்குகளிலேயே காலம் கழித்தவன் என்பதால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

‘டிஸார்டர்லி ஹவுஸ்’ நடத்துவது என்ற குற்றத்துக்குச் சத்தமே தேவையில்லை. விபசாரமோ சூதாட்டமோ வாடிக்கையாக நடக்கிற இடம் அந்தப் பெயருக்குள் வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு அசிங்கமும் தெரியாவிட்டாலும் குற்றம்தான் என்று இங்கிலாந்தில் 1866-லேயே ரைஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

இந்த மாதிரி வீடுகளுக்கு எதிராக இங்கிலாந்தில் வந்த 1751-ஆம் வருடச் சட்டத்தைக் கட்டுரை தொடவே இல்லை. அதன்படி, உள்ளூர் வரி கட்டும் இருவர் கான்ஸ்டபிளிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து, சாட்சி சொல்ல வருவோம் என்று ஆளுக்கு 20 பவுண்டுக்குப் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டியிருந்தது. வீட்டை நடத்தியவருக்குத் தண்டனை கிடைத்தால், புகார் கொடுத்த இருவருக்கும் ஆளுக்கு 10 பவுண்டு வெகுமதி கிடைத்தது.

அதில் 8-ஆவது பிரிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த வீடுகளை நடத்துகிறவர்கள் தந்திரக்காரர்கள், உண்மையான முதலாளி யாரென்று நிரூபிப்பது கஷ்டம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதனால், எஜமானர் போலவோ எஜமானி போலவோ அங்கே பொறுப்பாக நடந்துகொள்கிறவரையே நடத்துநராகக் கொள்ளலாம், அவர் நிஜ முதலாளியாக இல்லாவிட்டாலும் சரி என்றது. வழக்கு நடத்த இது வசதிதான். ஆனால் கதவைத் திறந்துவிட்டுக் காசு வாங்கி வைக்கிற சம்பள ஆள் மாட்டிக்கொள்வார். முதலாளி வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்.

இங்கேயும் அந்த அநியாயம் தொடர்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். நம் 1956-ஆம் வருட விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு விபசார விடுதி நடத்துகிறவரை மட்டுமல்ல, தெரிந்தே இடத்தை வாடகைக்கு விட்ட உரிமையாளரையும் தண்டிக்கிறது. ஆனால் ரெய்டு செய்தி என்றால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்களின் படம்தான் வருகிறது. அவர்கள் அடையாளம் வெளியாகாமல் ஊடகங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று 2022 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தப் படங்களை நிறுத்துங்கள். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, கட்டட உரிமையாளர் மீது வழக்குப் போட்டார்களா என்று உங்கள் நிருபர்கள் இன்ஸ்பெக்டரிடம் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர்