பேரனின் ஒப்படையும் மற்றதும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

பேரன் கேட்ட கணிப்புக் கருவிகளின் வரலாற்றை இதில் எழுதியிருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்து செய்து கொடு. பகலில் வீட்டில்தான் நிற்கிறாய் போல. செவ்வாய்க்கிழமை வீடியோவில் வந்தபோது உங்களுக்கு மத்தியானம். லீவு போட்டிருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு.

மணிச்சட்டத்தை எல்லாப் பிள்ளைகளும் கொண்டுவருவார்கள். இவன் நேப்பியர் கோல்களைச் செய்யட்டும். ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் நேப்பியர் 1617 இல் வெளியிட்ட பெருக்கல் முறை. பிறிஸ்ரல் போர்ட்டில் 2 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் நீளத்தில் கீலம் கீலமாக வெட்டிப் பத்துச் சதுரமாகப் பிரி. மேல் சதுரத்தில் இலக்கம், கீழ் ஒன்பதிலும் அதன் வாய்ப்பாடு. அந்த ஒன்பதுக்கும் வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குக் கோடு போடு. பத்தின் இலக்கம் கோட்டுக்கு மேலே, ஒன்றின் இலக்கம் கீழே. கோட்டை மற்றப் பக்கம் சாய்த்தால் எல்லாம் பிழை. பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள், பார்த்துக்கொள்.

46 ஐ 7 ஆல் பெருக்க 4, 6 கோல்களை ஒட்டி வைத்து ஏழாம் வரிசையைப் பார்: 28, 42. வலமிருந்து சாய்வாகக் கூட்டு. முதலில் 2. பிறகு 8 உம் 4 உம் 12, 2 ஐ எழுதி 1 ஐக் கொண்டுபோ. 2 உம் 1 உம் 3. விடை 322. பூச்சியக் கோலை மறந்தால் 406 வைக்க முடியாது. 44 க்கு நாலாம் கோல் இரண்டு வேண்டும், ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு செய்யுங்கள். நேப்பியர் பத்துக் கோல்களின் நாலு பக்கத்திலும் எழுதிச் சமாளித்தார்.

கொண்டுபோகிற அந்த 1 தான் பின்னால் வந்தவர்களுக்குத் தலையிடி. 1642 இல் பிரான்சுக்காரர் பஸ்கால் தொடங்கிய கூட்டல் இயந்திரத்தில் ஒரு சிறு பாரம் விழுந்து அடுத்த சக்கரத்தைத் தள்ளும். ஆனால் சக்கரம் பின்னுக்குச் சுழலாது, கழிப்பதற்கு ஒன்பதின் நிரப்பியை, அதாவது ஒவ்வோர் இலக்கத்தையும் 9 இலிருந்து கழித்து வரும் எண்ணை, கூட்ட வேண்டும்.

கடலின் வற்றுப்பெருக்கை முன்கூட்டிக் கணித்த இயந்திரத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதட்டும். எங்கள் துறைமுகத்தில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் வராது, ஆனாலும் கணக்கு அதே கணக்குத்தான். சந்திரனால் 12 மணி 25 நிமிடத்துக்கு ஓர் அலை, சூரியனால் 12 மணிக்கு ஓர் அலை, இன்னும் பல. 1872 இல் கெல்வின் என்ற பௌதிக விஞ்ஞானி ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்கரமும் கப்பியும் வைத்து, எல்லாக் கப்பிகளிலும் ஒரே கம்பியை ஓட்டினார். கம்பி நுனியிலுள்ள பேனை கூட்டுத்தொகையை வரைந்துகொண்டு போகும்.

அடுத்ததை நீயும் ஒருக்கா வாசி. பீரங்கிக் குண்டின் பாதை ஒன்றைக் கணிக்க மேசைக் கணிப்பானோடு ஏறத்தாழ 20 மணித்தியாலம் போகும். அமெரிக்காவில் யுத்த காலத்தில் அதைச் செய்தவர்களில் அநேகர் பெண்கள். 1946 இல் உலகத்துக்குக் காட்டிய எனியாக் என்ற மின்னணுக் கணினி அதை 30 விநாடியில் முடித்தது. கைக்கணக்கு வேலை அதோடு போயிற்று. ஆனால் எனியாக்கை இயக்க எடுத்த ஆறு பேரும் அந்தக் கணக்குப் பெண்களில் இருந்துதான். கைநூல் இல்லை, சுற்று வரைபடங்களைப் பார்த்தே படித்தார்கள். அதிலிருந்த ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய் வால்வுகளில் பழுதானது எதுவென்று பிடிக்கவும் பழகினார்கள். கணக்கு முன்பே கையில் இருந்தது.

1971 இன் இன்டெல் 4004 நுண்செயலி, அதிலுள்ள 2,300 டிரான்சிஸ்டர், அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் நீ சொல்லிக்கொடு. உன்னைவிட ஆர் சொல்ல? மாவட்டத்தில் கணிதத்துக்கு முதலாவதாக வந்த பிள்ளை. அம்மாவிடம் ஒன்றையும் வாய்திறந்து சொல்லாத பிள்ளையும் நீதான்.

இந்த மாதம் காசு போடாதே. ஓய்வூதியம் வருகிறது, கூரை ஓடும் மாற்றியாயிற்று. அடுத்த மாதமும் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. மட்டை வெட்டுகிற கத்தியை அவனிடம் கொடுக்காதே, நீயே வெட்டு.

அம்மா