ஏற்கனவே சாப்பிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. மருந்தகத்தில் தந்த தாளில் தமிழும் இருந்ததால் அம்மாவே படித்துக்கொண்டார், நான் தலையிடவில்லை. "பரிசோதனைக்கு வரும்போது ஏற்கனவே உணவு உண்ண வேண்டாம்" என்று போட்டிருந்தது. வருகிற வழியில் சாப்பிடக் கூடாதாக்கும் என்று நினைத்து, வீட்டிலேயே இரண்டு தோசையும் ஒரு மைலோவும் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்! எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்திருக்க வேண்டுமாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தால், வம்பெல்லாம் பிஃபோர்ஹேண்ட் (beforehand) என்ற ஒரு சொல்லில். ஒரு காரியம் வரப்போகிறது என்று தெரிந்து, அது வருவதற்குள் செய்வதைச் சொல்லும் சொல் அது. 'ஏற்கனவே' அப்படியில்லை, முடிந்துபோனதைச் சொல்வது. ஏற்கனவே சாப்பிட்டேன் எனலாம், ஏற்கனவே சாப்பிடுங்கள் என்று யாராவது சொல்வார்களா?

அகராதியைத் திறந்தால் 'முன்கூட்டியே' கிடைக்கும், சரிதான். முன்கூட்டியே சொல்லுங்கள், முன்கூட்டியே பணம் கட்டுங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 'முன்கூட்டியே உண்ண வேண்டாம்' என்று எழுதியிருந்தாலும் அம்மா தோசை சாப்பிட்டுத்தான் போயிருப்பார். தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் வினைச்சொல்லே பார்த்துக்கொள்கிறது. சொல்லிவை, வாங்கிவை, எடுத்துவை என்கிறோமே, அந்த 'வை'க்குள்ளேயே பின்னால் உதவும் என்ற எண்ணம் இருக்கிறது. தனியாக ஒரு சொல்லைத் தேடி ஒட்ட வேண்டியதில்லை. "சாப்பிடாம வாங்கன்னு எழுத என்ன கேடு?" என்று அம்மா கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

என் மகன் கட்டுரையில் இதே சொல் வேறு விதமாக அடிபட்டது. 'பிஃபோர்ஹேண்ட் தி எக்ஸாம்' என்று எழுதியிருந்தான். பிஃபோர் என்றால் பின்னால் தேர்வு, கூட்டம் என்று ஏதாவது வரலாம், பிஃபோர்ஹேண்ட் தனியாகவே நிற்கும். 'தேர்வுக்கு முன்' என்கிறோம், 'தேர்வுக்கு முன்கூட்டியே' என்றால் நமக்கும் இடிக்கிறது அல்லவா, அதே கதைதான் என்றதும் பிடித்துக்கொண்டான். பிஃபோர்ஹேண்ட் சுமார் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிற சொல்லாம், ஒரு காலத்தில் கையில் காசு மிச்சம் வைத்திருப்பவரையும் இதை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் அட்வான்ஸ் என்றாலே வாடகைப் பணம் நினைவுக்கு வருகிற மாதிரி.

மின்னஞ்சல்களில் வரும் 'முன்கூட்டியே நன்றி' வேறு இருக்கிறது. உதவி செய்வதற்கு முன்பே நன்றி சொன்னால், செய்யாமல் தப்பிக்க முடியாது என்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

அறிவிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் வீட்டில் ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக்காட்டிவிடட்டும். எங்கள் அம்மாவே தயார், காலையில் தோசை ஊற்றுவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்